ஓவிய அட்டைகள் உள்பக்கச் சித்திரங்களை என்ன செய்கின்றன?

தூரிகைமுனை எழுதியது:

நண்பர்களே, காமிக்ஸ் அட்டைகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் "அட்டை சூப்பர், உள்ளே சுமார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. தூரிகையால் தீட்டிய அட்டை என்றால் உள்ளே இருக்கும் படத்தைப் பெரிசாக்கி, வண்ணம் ஏற்றி, பளபளப்பாக்கிக் கொடுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். என் கட்சி வேறு. நல்ல அட்டை ஓவியர் உள்பக்கச் சித்திரத்தை நம்மைப் போலவே ஒரு வாசகராக இருந்து வாசிக்கிறார். கோட்டுச் சித்திரம் சொல்லாமல் விட்ட இடங்களில் தன் முடிவைச் சொல்கிறார். அந்த முடிவுகளைத்தான் நாம் அட்டையில் பார்க்கிறோம்.

கோடு நிறைய விஷயங்களைச் சொல்லாமல் தப்பித்துவிடும். ஒரு முகத்தை ஏழெட்டுக் கோட்டில் முடித்துவிடலாம். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அந்த ஆளுக்கு வயது என்ன, நேற்று இரவு தூங்கினானா, சட்டை பருத்தியா தோலா, எதையும் சொல்ல வேண்டியதில்லை. நாமே நிரப்பிக்கொள்வோம். தீட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கன்னத்தில் ஒரு நிறம் வைத்தாக வேண்டும். வைத்த உடனே வெளிச்சம், வயது, உடல்நிலை எல்லாம் முடிவாகிவிடும்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'ப்ரீச்சர்' என்ற அமெரிக்க காமிக்ஸ் தொடர். 1995 முதல் 2000 வரை 66 இதழ்கள். உள்ளே ஸ்டீவ் டில்லன், அட்டையில் க்ளென் ஃபேப்ரி. டில்லனின் முகங்களைக் கவனித்துப் பாருங்கள். பின்னணியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. புருவம் ஒரு கோடு, வாயோரம் ஒரு கோடு, அதிலேயே கோபமும் அலுப்பும் வந்துவிடும். அதே ஆட்களை ஃபேப்ரி தீட்டும்போது தோலின் துளை தெரியும், தாடி முள்முள்ளாகத் தெரியும், உதட்டில் ஈரம் தெரியும். டில்லனின் கோட்டை அவர் பிரதி எடுக்கவே இல்லை. உள்ளே நடக்கும் அத்தனை அடிதடியும் ஒரு மனித உடம்புக்கு நிஜமாக நடந்தால் அந்த முகம் எப்படி ஆகியிருக்கும் என்று கேட்டுத் தீட்டியிருக்கிறார். டில்லன் அடக்கி வாசிப்பதால்தான் வன்முறை நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஃபேப்ரி அந்த வன்முறையின் எடையை முன்னாலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். இரண்டும் ஒன்றை ஒன்று மறுக்கவில்லை.

உங்களுக்கு இப்படி "உள்ளே இருப்பதை வாசித்த" அட்டைகள் எவை? வாசிக்கத் தவறியவையும் சொல்லலாம்.

கட்டம்கட்டமாய் எழுதியது:

நல்ல தொடக்கம் நண்பரே. ஆனால் எனக்கு உடன்பாடில்லை.

அட்டை என்பது விற்பதற்காக வரைவது. அதை மறந்துவிட்டு 'வாசிப்பு' என்று பெயர் வைத்தால் எல்லா மாற்றமும் நியாயமாகிவிடும். அதில் அடிபடுகிறவர் உள்ளே மாதக் கணக்கில் உட்கார்ந்து வரைந்தவர்.

'டார்க் எம்பயர்' எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் டார்க் ஹார்ஸ் கொண்டுவந்த ஸ்டார் வார்ஸ் தொடர். அட்டைகள் டேவ் டோர்மன் தீட்டியவை. படத்தில் பார்த்த அதே லூக், அதே வெளிச்சம், சினிமா போஸ்டரையே கையில் வைத்திருக்கிற மாதிரி இருக்கும். திறந்தால் கேம் கென்னடி. முரட்டுக் கோடு, பக்கம் முழுவதையும் ஒரே நிறத்தின் சாயலில் ஆழ்த்திவிடும் வண்ணம். முகங்கள் நடிகர்களைப் போல இருக்க வேண்டும் என்ற கவலையே அவருக்கு இல்லை. என்னைக் கேட்டால் கென்னடியின் பக்கங்கள்தான் அந்தத் தொடரின் உயிர். அந்தக் கதையில் வரும் பாழடைந்த உலகத்துக்கு அந்த வண்ணம்தான் பொருத்தம். ஆனால் டோர்மனின் அட்டையைப் பார்த்து உள்ளே போகிற வாசகனுக்கு முதல் பக்கத்திலேயே ஏமாற்றம். கென்னடி தப்பாக எதுவும் செய்யவில்லை. அட்டை வேறு ஒன்றை வாக்குக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

'மேக்னஸ் ரோபாட் ஃபைட்டர்' கதையும் இதேதான். ரஸ் மேனிங்கின் கோடு எவ்வளவு சுத்தம், எவ்வளவு காற்றோட்டம்! எதிர்கால நகரம் என்றால் அதன் வெறுமையும் உயரமும் அந்த வெள்ளை இடங்களில்தான் இருக்கிறது. தீட்டிய அட்டையில் அந்த வெள்ளை போய்விடுகிறது. எல்லா மூலையிலும் நிறம்.

பழைய இதழ்கள் எழுதியது:

இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அட்டை ஓவியர் உள்பக்கத்தைப் பார்த்தாரா என்பதே முதல் கேள்வி.

பல சமயம் அட்டை முன்னாலேயே முடிந்தாக வேண்டும். அட்டை வழவழப்புத் தாளில் தனியாக அச்சாகும், உள்பக்கம் செய்தித்தாள் மாதிரித் தாளில் தனியாக அச்சாகும். அதனால் ஓவியர் கையில் இருப்பது கதைச் சுருக்கமும், ஆசிரியர் குழுவின் ஒரு சின்னப் படமும், நாயகனின் உடை எப்படி என்பதற்கு ஒரு மாதிரிப் படமும் மட்டுமாகவே இருக்கலாம். டிசி காமிக்ஸில் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் ஆசிரியராக இருந்த காலத்தில் அட்டையை முதலில் வரையச் சொல்லிவிட்டு, அதற்கேற்பக் கதையை எழுதவைத்தது தெரிந்த கதை. அங்கே அட்டையை வாசித்தது உள்பக்கம்தான்.

மேக்னஸை வெளியிட்ட கோல்ட் கீ பற்றிக் கொஞ்சம். 1962இல் வெஸ்டர்ன் பப்ளிஷிங், டெல் காமிக்ஸ் நிறுவனத்திடமிருந்து பிரிந்து வந்து தொடங்கிய பெயர் இது. சாகசக் கதைகளுக்கு ஓவிய அட்டைதான் அவர்களின் அடையாளம். ஜார்ஜ் வில்சன் அங்கே வரைந்த அட்டைகளுக்குக் கணக்கே இல்லை. பெரும்பாலான அட்டைகளில் ஓவியரின் கையெழுத்துகூட இருக்காது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள்: பல இதழ்களில் அதே ஓவியத்தைத் தலைப்பு, எழுத்து எதுவும் இல்லாமல் பின்னட்டையில் மறுபடி போட்டார்கள். முன்னட்டையையும் பின்னட்டையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மேலே மூன்றில் ஒரு பங்கு ஏன் வெறும் வானமாக இருக்கிறது என்பது அப்போது புரியும். தலைப்புக்கு இடம் விட்டுத் தீட்டியிருக்கிறார்கள். உள்ளே பேச்சுக் குமிழ் செய்யும் வேலையை இங்கே அந்த வானத்தின் நிறம் செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொரு விசேஷம், அதே நிறுவனத்தின் 'ஸ்டார் ட்ரெக்' (1967 முதல்). உள்ளே வரைந்த ஆல்பெர்ட்டோ ஜியோலிட்டி இத்தாலியில் இருந்தவர். தொலைக்காட்சித் தொடரைப் பார்க்காமலே, விளம்பரப் புகைப்படங்களை வைத்து வரைந்தார். தொடக்க இதழ்களின் அட்டையிலும் புகைப்படம்தான். அப்புறம்தான் வில்சனின் ஓவியங்கள் வந்தன. ஆக, உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் மூலம் ஒன்றே: ஸ்டுடியோ கொடுத்த விளம்பரப் படங்கள். இதில் யார் யாரை மறுவாசிப்புச் செய்தார் என்று எப்படிச் சொல்வது?

கௌவாஷ் எழுதியது:

நான் தீட்டுகிறவன், தொழிலாக இல்லை, விருப்பத்துக்காக. கோட்டுச் சித்திரத்தை வண்ண ஓவியமாக மாற்றும்போது கைக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். தூரிகைமுனை சொன்ன "முடிவு செய்தாக வேண்டும்" என்பது எவ்வளவு கறாரான விஷயம் என்பது அதில் தெரியும்.

தொப்பி போட்ட ஒருவன், மேலே ஒரு விளக்கு. மையில் வரைந்த அந்தக் கட்டத்தை கௌவாஷில் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) மாற்றிப் பார்த்தேன். மையில் தொப்பியின் நிழல், தலைமுடி, தாடைக்குக் கீழ் நிழல், மேல்கோட்டின் காலர் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாது, தெரியவும் தேவையில்லை. அந்தக் கறுப்பே ஒரு வடிவம், அதுதான் கட்டத்தின் பலம். வண்ணத்துக்கு வரும்போது அந்தத் திட்டைப் பிரிக்கவேண்டி வந்தது. முடியின் கறுப்பில் நீலம் கலந்தது, மேல்கோட்டின் கறுப்பில் பழுப்பு. தாடைக்குக் கீழே சட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இருக்குமே, அதை வைத்தேன். வைத்ததும் கழுத்து உருண்டு வெளியே வந்தது. ஆள் நிஜமானான். ஆனால் மர்மம் போய்விட்டது. மையில் அவன் யாராகவும் இருந்திருக்கலாம். வண்ணத்தில் நாற்பது வயது, கொஞ்சம் களைத்த ஆள் ஆகிவிட்டான். கடைசியில் காலருக்கும் தாடைக்கும் நடுவே இருந்த எல்லையை மறுபடி இருட்டில் கரைத்தேன். பாதி மர்மம் திரும்பியது.

அட்டை ஓவியர் ஃபிராங்க் ஃபிரஸெட்டாவின் ஓவியங்களைப் பார்த்தால் இந்தக் கரைப்புதான் எங்கும். முகமும் தோளும் ஓரளவு துல்லியம், கால்களுக்குக் கீழே போகப்போக எல்லாம் புகை. கறுப்பு-வெள்ளை காமிக்ஸ் வரைந்து வந்தவர் என்பதால் கறுப்புத் திட்டின் பலம் அவருக்குத் தெரியும். வாரன் நிறுவனத்தின் 'க்ரீப்பி' மாதிரியான திகில் காமிக்ஸ் பத்திரிகைகளில் உள்ளே முழுக்கக் கறுப்பு-வெள்ளை. வெளியே அவரது வண்ணம் இருந்தும், திறந்ததும் வேறு உலகத்துக்குப் போய்விட்டோம் என்று தோன்றாததற்குக் காரணம் அதுதான் என்று நான் நம்புகிறேன். வண்ணம் மட்டும்தான் மாறுகிறது. இருட்டு அதே இருட்டு.

கட்டம்கட்டமாய் சொன்ன மேக்னஸ் பிரச்சினையும் இங்கேதான் இருக்கிறது. மேனிங்கின் பலம் இருட்டில் இல்லை, வெள்ளையில். வெள்ளையை வண்ண ஓவியத்தில் காப்பாற்றுவது ரொம்பக் கஷ்டம். வெறும் தாளாக விட்டால் முடிக்காத ஓவியம் மாதிரித் தெரியும்.

புதுவாசகி எழுதியது:

மன்னிக்கவும், அடிப்படைக் கேள்வி. இவ்வளவு சிக்கல் இருக்கும்போது, உள்ளே வரைகிறவரையே அட்டையையும் தீட்டச் சொன்னால் என்ன?

பழைய இதழ்கள் எழுதியது:

நல்ல கேள்விதான். மையில் வரைவதும் தீட்டுவதும் வேறு வேறு பயிற்சி. அதோடு நேரம். மாதம் இருபது பக்கத்துக்கு மேல் வரைகிறவருக்கு ஓர் ஓவியத்துக்காகப் பல நாள் ஒதுக்க முடியாது. இரண்டையும் செய்தவர்கள் உண்டு. பில் சின்கெவிச் 1984இல் 'நியூ ம்யூட்டன்ட்ஸ்' 18ஆம் இதழிலிருந்து உள்ளேயும் வெளியேயும் வரைந்தார். அங்கே நடந்தது தலைகீழ்: தீட்டுகிறவரின் மனம் உள்பக்கத்துக்கே வந்துவிட்டது, கோடு கிறுக்கலாகவும் கறையாகவும் மாறியது.

நடுவழி ஒன்றும் உண்டு. 1968இல் மார்வெல் 'ஸ்பெக்டாகுலர் ஸ்பைடர்-மேன்' என்று பெரிய அளவில் ஒரு பத்திரிகை போட்டுப் பார்த்தது. இரண்டே இதழ்தான் வந்தது. முதல் இதழின் அட்டைக்கு ஜான் ரொமிட்டா அமைப்பை வரைந்து கொடுக்க, ஆண்களுக்கான சாகசப் பத்திரிகைகளுக்குத் தீட்டிவந்த ஹாரி ரோசன்பாம் அதன் மேல் அக்ரிலிக்கில் தீட்டினார். உடலின் வளைவு ரொமிட்டாவுடையது, தோலும் துணியும் வேறு ஒருவருடையது.

முப்பது வருடம் கழித்து, 1998இல் டிசியின் 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொகுப்புக்கும் இதே முறை. ஜார்ஜ் பெரெஸ் பென்சிலில் வரைந்தார், அலெக்ஸ் ராஸ் தீட்டினார். நூற்றுக்கணக்கான நாயகர்கள் நெருக்கியடித்து நிற்கும் படம்.

தூரிகைமுனை எழுதியது:

க்ரைசிஸ் அட்டையை நினைவுபடுத்தியதற்கு நன்றி. அது என் வாதத்துக்கு நல்ல சோதனை.

ராஸ் தனியாகத் தீட்டும்போது அவர் முறை வேறு. தெரிந்தவர்களை மாதிரியாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து கௌவாஷில் தீட்டுவார். 'கிங்டம் கம்' கதையில் வரும் பாதிரியாருக்கு அவருடைய அப்பாவே மாதிரி. அதனால் அவர் நாயகர்கள் எடையுள்ள, நடுத்தர வயது மனிதர்கள், இறுக்கமான உடையில் வயிற்றுப்பக்கம் ஒரு மடிப்பு விழும். பெரெஸின் ஆட்கள் அப்படி இல்லை. துள்ளுகிறவர்கள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகப் பேசும். அந்தத் தொகுப்பின் அட்டையில் ராஸ் தன் எடையை விட்டுக்கொடுத்திருக்கிறார். நிற்கும் நிலை, முக அமைப்பு, கூட்டத்தின் ஓட்டம் எல்லாம் பெரெஸ். ராஸின் பங்கு ஒளி. யார் முன்னால், யார் பின்னால் என்று அந்தப் பெருங்கூட்டத்தைப் பிரித்துக் காட்டுவது அதுதான். உள்பக்கத்தில் கோட்டின் தடிமன் செய்த வேலையை இங்கே ஒளி எடுத்துக்கொண்டது. இதை மறுவாசிப்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

பழைய இதழ்கள் கேட்ட "யார் யாரை வாசித்தார்" என்ற கேள்விக்கு என் பதில்: அது ஒருவழிப் பாதை இல்லை. நாவல்களிலிருந்து காமிக்ஸுக்கு வந்த வாள்வீரன் கோனனைப் பாருங்கள். 1966இல் லான்சர் பதிப்பகம் வெளியிட்ட நாவலின் அட்டைக்கு ஃபிரஸெட்டா தீட்டிய கோனன் ஒரு மலை. 1970இல் மார்வெல் காமிக்ஸில் பேரி வின்ட்சர்-ஸ்மித் வரைந்த கோனன் ஒல்லியான இளைஞன், கொம்பு வைத்த தலைக்கவசம், கழுத்தில் மாலை. 1974இல் 'சாவேஜ் ஸ்வோர்ட் ஆஃப் கோனன்' பத்திரிகை வந்தபோது போரிஸ் வயேஹோவின் அட்டையில் மறுபடி அந்த மலை. உள்ளே ஜான் புஸெமாவின் கோனனும் அந்த உடற்கட்டோடுதான் நின்றான். நாவலின் அட்டையில் பிறந்த உடம்பு காமிக்ஸ் அட்டைக்கும், உள்பக்கத்துக்கும் குடியேறியது. புஸெமாவின் பக்கங்கள் அதனால் தரம் குறைந்தனவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கட்டம்கட்டமாய் எழுதியது:

கோனன் சரியான எடுத்துக்காட்டு, ஏற்கிறேன். ஆனால் அது ஓவியர்கள் ஓவியர்களோடு பேசியது. விளம்பரப் படம் உள்ளே வரும்போது நடப்பது வேறு.

விளம்பரப் படத்தில் உருவம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும், அதற்குச் சொந்தக்காரர் வேறு நிறுவனம். 1984இல் வந்த 'ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்' முதல் இதழ் நினைவிருக்கிறதா? சின்கெவிச் தீட்டிய அட்டை. எல்லாம் பொம்மைகளின் வடிவத்திலிருந்து வந்தவை. ஆனால் அவர் கையில் அந்த உலோகத்துக்கு ஒரு அழுக்கும் பதற்றமும் வந்துவிட்டது. பெட்டியில் இருக்கும் பொம்மைக்கு அது கிடையாது. உள்ளே ஃபிராங்க் ஸ்ப்ரிங்கரின் பக்கங்களில் ரோபோக்கள் நேராக, தெளிவாக நிற்கின்றன, எது யார் என்று குழந்தைக்கும் தெரிய வேண்டுமே. இங்கே அட்டை விளம்பரத்தை வாசித்திருக்கிறது, உள்பக்கத்தை அல்ல. அதை நான் குறையாகவும் சொல்லவில்லை.

ஸ்டார் வார்ஸில் இன்னும் சுவாரசியம். ஹோவர்ட் சேகின் 1976இல், படம் வெளிவருவதற்கு முந்தைய வருடமே, அதற்கு விளம்பர போஸ்டர் வரைந்தார். 1977இல் மார்வெல் முதல் இதழின் அட்டையும் அவரே. லூக் முன்னால் வாளோடு, பின்னால் வில்லன் டார்த் வேடரின் தலை பிரம்மாண்டமாக. போஸ்டரையும் அட்டையையும் அருகருகே வைத்தால் உறவு பளிச்சென்று தெரியும். 'எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' வந்தபோது உள்ளே அல் வில்லியம்சன். படம் வருவதற்கு முன்பே வந்த பாக்கெட் புத்தகப் பதிப்பில் யோடா வேறு மாதிரி இருப்பார், ஆரம்பகட்ட வடிவமைப்புப் படத்தை வைத்து வரைந்ததால். பிறகு திருத்தி வரைந்தார்கள். எந்தப் படம் கையில் கிடைக்கிறதோ அதுவே உண்மை என்று வரைய வேண்டிய நிலை.

அதனால் என் அளவுகோல் இதுதான்: அட்டை உள்பக்கம் போலவே இருக்க வேண்டாம். அந்தக் கதையின் ஏதோ ஒன்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். 'சாண்ட்மேன்' 75 இதழுக்கும் டேவ் மெக்கீன்தான் அட்டை. உள்ளே சாம் கீத்தில் தொடங்கி எத்தனையோ ஓவியர்கள் மாறினார்கள். நாயகன் ஒவ்வொரு அட்டையிலும் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தையே மெக்கீன் விட்டுவிட்டார். தொடக்க அட்டைகளில் மரப்பெட்டியும் பொருள்களும் அடுக்கி, புகைப்படம் எடுத்து, ஓவியத்தோடு சேர்த்தார். உள்ளே இருக்கும் ஒரு கட்டம்கூட அந்த மாதிரி இருக்காது. ஆனாலும் அது அந்தக் கதையின் அட்டைதான் என்று எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கௌவாஷ் எழுதியது:

சாண்ட்மேன் அட்டைக்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்றால் டோர்மனுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? :) டோர்மனுக்குக் கதை தெரியாது என்று சொல்ல முடியாதே.

கட்டம்கட்டமாய் எழுதியது:

தெரியும். ஆனால் மெக்கீன் "உள்ளே இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லவில்லை. டோர்மனின் அட்டை அப்படிச் சொல்கிறது. ஒரே பாத்திரம், ஒரே உடை, ஒரே மாதிரியான காட்சி, அதனாலேயே ஒப்பிட வைக்கிறது. தூரம் அதிகமாக இருந்தால் ஏமாற்றம் இல்லை, தூரம் குறைவாக இருக்கும்போதுதான் சிக்கல்.

தூரிகைமுனை எழுதியது:

இது நல்ல கருத்து. ப்ரீச்சரும் தூரம் குறைவுதான், ஆனால் ஏமாற்றம் இல்லை. ஏன் என்று யோசித்தால், டில்லன், ஃபேப்ரி இருவரும் முகபாவத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். பாணி வேறு, கவனம் ஒன்று. டோர்மனின் கவனம் நடிகர்களின் உருவத்தில். கென்னடியின் கவனம் இடத்திலும் சூழலிலும். அங்கேதான் விலகல்.

பழைய இதழ்கள் எழுதியது:

ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு, புகழ்பெற்ற இலக்கியங்களைக் காமிக்ஸாக்கிய 'கிளாசிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' மாதிரி வசதியானது வேறு இல்லை. 1941இல் 'கிளாசிக் காமிக்ஸ்' என்று தொடங்கியது, அட்டைகள் கோட்டுச் சித்திரம். 1951இலிருந்து ஓவிய அட்டைக்கு மாறினார்கள். பழைய தலைப்புகளை மறுபதிப்புச் செய்யும்போது அவற்றுக்கும் புதிய ஓவிய அட்டை போட்டார்கள். சிலவற்றில் உள்ளே இருந்த படங்களையும் மாற்றினார்கள், சிலவற்றில் உள்ளே அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த இரண்டாம் வகை கிடைத்தால் விடாதீர்கள். ஒரே கதை, ஒரே உள்பக்கம், இரண்டு அட்டைகள். கோட்டு அட்டையில் பெரும்பாலும் அடிதடியின் உச்சம். ஓவிய அட்டைகள் பலவற்றில் அதற்கு ஒரு நொடி முன்போ பின்போ. தீட்டிய படத்தில் வேகக் கோடு போட முடியாது, 'டமால்' என்று எழுத்து எழுத முடியாது. அதனால் ஓவியர் அசைவு நின்றிருக்கும் நொடியைத் தேடிப் போகிறார்.

இதற்கு நடுவில் டிசியின் போர் இதழ்களும் உண்டு. 1950களின் கடைசியில் ஜாக் ஆட்லர் சாம்பல் நிற வாஷ் (நீர்த்த மைப் பூச்சு) மேல் வண்ணத்தைப் பிரித்து அச்சிட்டார். ஜெர்ரி கிராண்டெனெட்டி, ரஸ் ஹீத் வரைந்தவை. பாதி கோடு, பாதி ஓவியம். நீரும் புகையும் அந்த முறையில் எவ்வளவு அழகு என்று டிசியின் கடலடி சாகச இதழான 'சீ டெவில்ஸ்' அட்டைகளில் பாருங்கள்.

புதுவாசகி எழுதியது:

நீங்கள் சொன்னபடி ப்ரீச்சரையும் சாண்ட்மேனையும் தொகுப்பு நூல்களில் புரட்டிப் பார்த்தேன். ஒரு சங்கடம். பல தொகுப்புகளில் எல்லா அட்டைகளையும் மொத்தமாகக் கடைசியில் சேர்த்துவிடுகிறார்கள். கதை முடிந்த பிறகு அட்டைகளைப் பார்க்கும்போது அது வெறும் ஓவியக் கண்காட்சி ஆகிவிடுகிறது. எந்த அட்டைக்கு எந்தப் பக்கம் என்று திரும்பத் திரும்பத் தேட வேண்டியிருக்கிறது.

கட்டம்கட்டமாய் எழுதியது:

அட்டையையும் உள்பக்கத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதில் நான் தூரிகைமுனையின் பக்கம். அட்டையை அந்தந்த அத்தியாயத்தின் முன்னால்தான் போட வேண்டும். முதல் பக்கத்தைத் திறக்கும் முன் அட்டை என்ன எதிர்பார்ப்பைக் கொடுத்தது என்பது தெரிந்தால்தான், உள்ளே வரைந்தவர் அதை எப்படிச் சந்தித்தார் என்று சொல்ல முடியும். கென்னடிக்காக நான் வாதாடுவதற்கும் டோர்மனின் அட்டை எதிரே இருந்தாக வேண்டும்.

பழைய இதழ்கள் எழுதியது:

தலைப்பு எழுத்துகளோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை போட்டால் இன்னும் நல்லது. கோல்ட் கீ அறுபதுகளிலேயே செய்ததுதானே.